வண்டி வருமா?

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. கோல குபு பாருவில் பழைய கடைவரிசையில் ஒரு கோப்பிக்கடை. ஐந்து பேர் பசியாறிக்கொண்டிருந்தோம். வெளியே ஐந்து மோட்டார்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. லோரி அண்ணன் ரொட்டியைப் பிய்த்த கையைத் துடைத்துவிட்டுத் தன் கைப்பேசியை மேசை நடுவில் வைத்தார். மிலான் கண்காட்சியில் எடுத்த படம். ஒல்லியான உடம்பு, ஆரஞ்சு நிறம், நெட்டுக்குத்தாக நிற்கும் முன்முகம், முன்னால் 21 அங்குலக் கம்பிச்சக்கரம்.

“வந்துட்டான் பாத்தியா!”

எஸ்பிஎம் பரீட்சையில் மகன் பாஸ் பண்ணியதைச் சொல்வதைப் போலச் சொன்னார். அந்த ‘வந்துட்டான்’ புதிய கேடிஎம் 390 அட்வெஞ்சர்.

எங்களில் ஒருவரும் அந்த வண்டியைத் தொட்டதில்லை. ஆனால் ஒன்றரை வருஷமாக அதோடுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம். ஐரோப்பாவில் எங்கோ ஒரு மலைப்பாதையில், கறுப்பு வெள்ளை ஒட்டுத்தாள் சுற்றிய சோதனை வண்டி ஒன்று போகும். அதை யாரோ புதருக்குப் பின்னால் நின்று படம் எடுத்திருப்பார்கள். அந்த மங்கலான படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, டேங்க் எத்தனை லிட்டர் பிடிக்கும், இருக்கை எவ்வளவு உயரம், பின்சக்கரத்தில் டியூப் இருக்குமா இல்லையா என்று மணிக்கணக்கில் பேசுவோம். எங்கள் குழுவில் ஒருவர் ஆசிரியர். இடைநிலைப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவர். அவர் ஒரு படத்தில் சைலன்சரின் நிழலை வைத்து வண்டியின் எடையைக் கணித்தார். கோயில் திருவிழாவுக்கு ஆறு மாதம் முன்னால் நடக்கும் கமிட்டிக் கூட்டம் மாதிரிதான் இது. தேர் வருகிறதோ இல்லையோ, கூட்டம் நடந்தாக வேண்டும்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன்.

“மா, அடுத்த வருஷம் கேடிஎம் வாங்கலாம்னு இருக்கேன்.”

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமல் கேட்டார். “ரயிலையா?”

மலேசியாவில் இந்த வண்டியை விரும்புகிற எல்லாருக்கும் விதிக்கப்பட்ட நகைச்சுவை இது. இந்த நாட்டில் கேடிஎம் என்றால் கெரெத்தாப்பி தானா மெலாயு. வேறொன்று இருப்பதை விளக்கி முடிப்பதற்குள் ஆசை பாதி குறைந்துவிடும்.

*

ஏன் அந்த வண்டி என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முப்பத்தாறு வயது. 2017-இல் மொடெனாஸ் நிறுவனம் இந்தியாவின் பஜாஜோடு சேர்ந்து பல்சர் என்எஸ்200 வண்டியை இங்கே விற்க ஆரம்பித்தபோது வாங்கியவன். கெடா, குருணில் தொழிற்சாலை வைத்திருக்கும் நம் தேசிய மோட்டார் நிறுவனத்தின் பெயர் அதில் ஒட்டியிருந்தது. விலை பத்தாயிரம் வெள்ளிக்குள். அதுவரை அப்பாவின் பழைய ஈஎக்ஸ்5 கப்சாயில்தான் வேலைக்குப் போய் வந்தேன். பல்சர் எனக்குக் காட்டிய உலகம் பெரிது. ஆனால் தூரப் பயணம் என்று வந்தால் வேறு மாதிரி வண்டி வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி, மழையில் குழி தெரியாமல் விழுந்தாலும் தாங்குகிற மாதிரி, இரண்டு பக்கமும் பெட்டி கட்டுகிற மாதிரி.

அந்த மாதிரி வண்டிகள் பெரும்பாலும் பெரிய உடம்புக்காரர்களுக்காகச் செய்யப்படுகின்றன. ஆயிரத்துக்கு மேல் சிசி, இருநூற்றைம்பது கிலோ. என் உயரத்துக்கு அதைக் கம்போங் மண்பாதையில் திருப்ப நான்கு பேர் வேண்டும். கடன் கட்ட இன்னும் நான்கு பேர் வேண்டும். 399 சிசி, ஒற்றை சிலிண்டர், 44 குதிரைசக்தி, 14 லிட்டர் டேங்க் என்று மிலானில் அறிவித்தபோது, யாரோ ஒருவன் எங்கள் கோப்பிக்கடைப் பேச்சை ஒட்டுக்கேட்டு வண்டி செய்திருக்கிறான் என்று தோன்றியது. 250 சிசி வரை ஓட்டும் பி2 லைசென்ஸ்தான் என்னிடம் இருந்தது. மிலான் படத்தைப் பார்த்த அடுத்த வாரமே மேல் லைசென்ஸ் எடுக்க ஓட்டுநர் பள்ளியில் விசாரித்தேன்.

போகும் வழியும் தயார். பெங்காலான் ஹுலு வழியாக எல்லை தாண்டி பெத்தோங். அங்கிருந்து வடக்கே, வடக்கே, மே ஹோங் சோன் வரை. அந்தச் சுற்றுப்பாதையில் 1,864 வளைவுகள் என்பார்கள். ஆசிரியர் அதை ஐந்தால் வகுத்து ஆளுக்கு எத்தனை வளைவு என்றுகூடச் சொன்னார்.

வாங்காத வண்டியில் போகாத ஊருக்கு நாங்கள் பலமுறை போய் வந்துவிட்டோம். வாசகர்கள் சிரிக்கலாம். எழுதாத நாவலைப் பற்றிப் பத்து வருஷம் பேசுகிற நண்பர்கள் உங்களுக்கு இல்லையா என்ன?

*

மிலான் கண்காட்சி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 29-ஆம் தேதி கேடிஎம் நிறுவனம் ஆஸ்திரிய நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தது. நிர்வாகம் தன் கையிலேயே இருக்க, நீதிமன்றத்தின் மேற்பார்வையில் கடனைச் சீரமைக்கும் முறை. கடன் இருநூறு கோடி யூரோவுக்கும் மேல். டிசம்பர் நடுவில் உற்பத்தி நின்றது. விற்காமல் உலகெங்கும் தேங்கி நின்ற வண்டிகள் சுமார் 2,65,000. கோவிட் காலத்தில் எல்லாரும் மோட்டார் வாங்கினார்கள். அந்த வேகம் நிரந்தரம் என்று நம்பிச் செய்து குவித்திருந்தார்கள். பிறகு வட்டி ஏறியது, வாங்குகிறவன் கையை மடக்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு கோப்பிக்கடையில் சாவு வீட்டு அமைதி. நான்கு வாய் தேத்தாரே உள்ளே போனதும் அமைதி கலைந்தது.

“முடிஞ்சிச்சி. நாளைக்கு சாமான் உடைஞ்சா எங்க போயி தேடுவ?” என்றார் லோரி அண்ணன். இருபது வருஷம் லோரி ஓட்டியவர். சாமான் கிடைக்காத வண்டி பிணத்துக்குச் சமம் என்பது அவர் வேதம்.

“இல்லண்ணே, இவன் ஏற்கெனவே ஒருதடவ செத்துப் பொழச்சவன்” என்றார் ஆசிரியர்.

உண்மைதான். கேடிஎம் என்பதில் கடைசி எழுத்து ஊர்ப்பெயர். மாட்டிக்ஹோஃபன். மேல் ஆஸ்திரியாவில் சுமார் 7,000 பேர் வாழும் சிறிய ஊர். 1934-இல் ஹான்ஸ் ட்ருங்கன்போல்ட்ஸ் என்பவர் அங்கே வண்டி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். ஐம்பதுகளில் அது மோட்டார்சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. 1991-இல் திவாலாகி, சைக்கிள், ரேடியேட்டர், கருவிகள், மோட்டார்சைக்கிள் என்று நான்கு துண்டாக உடைந்தது. மோட்டார்சைக்கிள் துண்டை எடுத்தவர் ஸ்டெஃபான் பியரர். 1992-இல் புதிதாகப் பிறந்த அந்த நிறுவனம்தான், பிறகு டக்கார் பாலைவனப் போட்டியில் 2001 முதல் 2019 வரை தொடர்ந்து 18 முறை ஜெயித்தது. இங்கே நம்மூர் கேடிஎம்மும் அரசாங்க இலாகாவிலிருந்து பெர்ஹாட் ஆனது அதே 1992-இல்தான். ஆசிரியர் இதைச் சொன்னபோது ஏதோ ஜாதகப் பொருத்தம் கண்டுபிடித்த மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

வங்கியில் வேலை செய்யும் நண்பன் ஒருவன் இருக்கிறான். குழுவில் இளையவன். அவன் மெதுவாகச் சொன்னான். “சார், 1991-ல அவுங்க கடன் சின்னது. இப்ப பாருங்க. காசு போட ஆள் வேணும். யாரு போடுவா?”

“பஜாஜ்” என்றேன்.

லோரி அண்ணன் சிரித்தார். “இந்தியாக்காரனா? அப்புறம் எவன் வாங்குவான் இத?”

அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். பல்சர் வாங்கிய நாள் முதல் கேட்கிறேன். பெட்ரோல் நிலையத்தில், சமிக்ஞை விளக்கில், கல்யாண வீட்டு வாசலில். “மோட்டார் நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்தியா தானே.” மலாய்க்காரர் சொன்னால்கூட ஏதோ பேச்சு என்று விட்டுவிடலாம். அதிகம் சொன்னது நம் ஆட்கள்தான். சேலை இந்தியாவிலிருந்து வேண்டும், சினிமா இந்தியாவிலிருந்து வேண்டும், தவில்காரர் இந்தியாவிலிருந்து வேண்டும். இரும்பு மட்டும் இந்தியாவிலிருந்து வரக்கூடாது.

“அண்ணே, நம்ம காத்துக்கிட்டு இருக்கற 390 எங்க செய்யிறான்னு நெனச்சீங்க?”

அவருக்குத் தெரியும். தெரிந்தும் மறந்திருந்தார். பஜாஜ் 2007-இலேயே கேடிஎம்மில் பங்கு வாங்கிவிட்டது. சின்ன ட்யூக் வண்டிகளும் 390 வரிசையும் மகாராஷ்டிரத்தில் புனேவை அடுத்த சாக்கனில்தான் உருவாகி உலகம் முழுக்கப் போகின்றன. 2023 ஜனவரியில் அந்தத் தொழிற்சாலையிலிருந்து பத்து லட்சமாவது கேடிஎம் வெளிவந்தது. மாட்டிக்ஹோஃபனில் வரைகிறார்கள், சாக்கனில் செய்கிறார்கள். வண்டியின் முதுகில் ஆஸ்திரியப் பெயர் இருப்பதால் அது ஐரோப்பிய வண்டி ஆகிவிடுகிறது. என் பல்சரின் முதுகில் அந்தப் பெயர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

“அது வேற லா” என்றார் அண்ணன். எப்படி வேறு என்று சொல்லவில்லை. காசு கொடுக்க எழுந்துவிட்டார்.

*

டிசம்பர் முழுக்க ஊகங்களாகவே போனது. சீனாக்காரன் வாங்குவான். பிஎம்டபிள்யூ வாங்கும். துண்டு துண்டாக விற்றுவிடுவார்கள். பந்தயத்தை நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு ஊகத்துக்கும் ஆதாரமாக எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: புது வண்டி. ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வார். “சாவப்போறவன் புது மாடல் காட்டுவானா? இவ்ளோ செலவு பண்ணி டிசைன் பண்ணிருக்கான். வண்டி வருதுன்னா கம்பெனி இருக்குன்னு அர்த்தம்.”

இந்த வாக்கியத்தை நான் முன்பே எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் இரவு, ரவாங் வீட்டு முன்கதவில் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது. எங்கள் பழைய பட்டர்வொர்த் வீடு. அப்பாவின் குரல்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. 2001. அப்பா பிறையில் ஒரு வெளிநாட்டு மின்னியல் தொழிற்சாலையில் பதினேழு வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தார். மிஷின் டெக்னீஷியன். உலகம் முழுக்க மின்னியல் தொழில் சரிந்த வருஷம் அது. பினாங்கில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆள் குறைக்கிறார்கள் என்று தினமும் பேச்சு. மாலையில் ஷிஃப்ட் முடிந்து அப்பா நேராக வீட்டுக்கு வரமாட்டார். தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே ஒரு ஒட்டுக்கடை இருந்தது. அங்கே நின்று எல்லாரும் பேசிவிட்டுத்தான் வருவார்கள். சில நாள் என்னையும் டியூஷனிலிருந்து ஏற்றிக்கொண்டு அங்கே நிறுத்துவார். ஈஎக்ஸ்5 முன்பக்கம் டேங்க் இல்லாத வண்டி. முன்னால் உள்ள கூடையில் என் புத்தகப்பை இருக்கும். நான் மைலோ குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர்களும் ஊகம்தான் செய்தார்கள். பெரிய மேனேஜர் இரண்டு தடவை சிங்கப்பூர் போனார், எதற்கு? ஓவர்டைமை நிறுத்தினார்கள், ஆனால் கேன்டீனுக்குப் புதுச் சாயம் அடிக்கிறார்கள், அதற்கு என்ன அர்த்தம்? எங்களுக்குச் சைலன்சர் நிழல், அவர்களுக்குக் கேன்டீன் சாயம்.

செப்டம்பரில் ஒரு நாள் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். “புது மிஷின் வந்திருக்கு. இன்னும் பிளாஸ்டிக்கூட பிரிக்கல. அவ்ளோ பெருசு, ரெண்டு லோரில வந்துச்சி. மூடப்போறவன் புது மிஷின் வாங்குவானா?”

அன்றிரவு அம்மா கோழிக்கறி சமைத்தார். அக்காவுக்குக் கல்லூரிப் பாரம் நிரப்பினார்கள்.

அந்த மிஷினின் பிளாஸ்டிக்கை யாரும் பிரிக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்து அதே இரண்டு லோரிகள் அதை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயின. சீனாவில் திறந்த புதிய கிளைக்கு. தவறுதலாக இங்கே வந்ததா, போகும் வழியில் இங்கே நின்றதா என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. அதைக் கவனமாக லோரியில் ஏற்ற நின்றவர்களில் அவரும் ஒருவர். டிசம்பரில் ஆலை மூடியது.

சட்டப்படி என்ன கிடைக்க வேண்டுமோ அது கிடைத்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் இருபது நாள் சம்பளம். பதினேழு பெருக்கல் இருபது. முந்நூற்று நாற்பது நாள். ஒரு முழு வருஷம்கூட இல்லை. இன்றைக்கு வேலை போனால் பெர்கேசோ மூலம் சில மாதங்களுக்குக் கொஞ்சம் பணம் வரும். அந்த வேலைக் காப்புறுதித் திட்டம் 2018-இல்தான் வந்தது. அப்பாவுக்கு அது இல்லை. பிறகு செக்யூரிட்டி வேலை, பிறகு பள்ளி வேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, வேன் வாங்கிய பிறகும் கொஞ்ச நாள் வரை அந்த ஒட்டுக்கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஊகிக்க எதுவும் மிச்சமில்லாத பிறகும்.

*

இதன்பிறகு என்னால் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் பழைய மாதிரி கலந்துகொள்ள முடியவில்லை. அவர்கள் சாமான் கிடைக்குமா என்று பேசும்போது, நான் மாட்டிக்ஹோஃபனைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். ஏழாயிரம் பேர் ஊரில் எத்தனை வீட்டில் ஒரு கேடிஎம் சம்பளம் இருக்கும்? 2024-இலேயே நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்திருந்தார்கள். நவம்பர் சம்பளமும் கிறிஸ்துமஸ் போனஸும் நேரத்துக்கு வரவில்லை. திவாலான நிறுவனங்களின் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க அந்த நாட்டில் தனி நிதி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து கொடுக்கப்பட்டது. அந்த ஊரிலும் ஏதோ ஒரு கேட்டுக்கு எதிரே ஒரு கடை இருக்கத்தானே செய்யும்? அங்கேயும் யாராவது, “மிலான்ல புது மாடல் காட்டினாங்களே, மூடப்போறவன் காட்டுவானா” என்று சொல்லியிருக்கத்தானே செய்வார்?

நாங்கள் கோப்பிக்கடையில் ஊகிப்பதும் அவர்கள் ஊகிப்பதும் ஒரே வாக்கியம்தான். எங்களுக்கு அது தவறினால் வேறு வண்டி வாங்குவோம்.

2025 ஜனவரியில் இரண்டு சம்பவங்கள். உற்பத்தி நின்று, ஆலை இருட்டாகக் கிடந்த அதே மாதத்தில், சவூதி பாலைவனத்தில் டேனியல் சாண்டர்ஸ் கேடிஎம்மில் டக்கார் பந்தயத்தை வென்றார். மாத இறுதியில் புதிய 390 அட்வெஞ்சர் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. சாக்கன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் குழுவில் திருவிழா. ஆசிரியர் சொன்னார்: “நான் சொல்லல? வண்டி வந்திருச்சி, கம்பெனி இருக்கு!”

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது. நாங்கள் காத்திருந்த வண்டி மாட்டிக்ஹோஃபன் ஆலை ஓடினாலும் நின்றாலும் வந்திருக்கும். அந்த ஊர்க்காரர்களின் வேலைக்கு அது அத்தாட்சி இல்லை. அப்பாவின் பிளாஸ்டிக் பிரிக்காத மிஷின் மாதிரிதான்.

பிப்ரவரி 25-ஆம் தேதி கடன்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள். கொடுக்கவேண்டிய ஒவ்வொரு நூறு யூரோவுக்கும் முப்பது யூரோ ரொக்கமாகத் தந்தால் போதும், மீதியை விட்டுவிடுகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். வங்கி நண்பன் விளக்கினான்: மூடி விற்றால் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், அதனால்தான். மார்ச் நடுவில் ஆலை திறந்தது. ஏப்ரல் இறுதியில் சாமான் வந்து சேராமல் மறுபடி நின்றது. பணம் கொடுக்காமல் விட்ட சப்ளையர்கள் மறுபடி அனுப்புவதற்கு யோசிக்கத்தானே செய்வார்கள். “பாத்தியா, சாமான்!” என்றார் லோரி அண்ணன். அவருக்கு அதில் ஒரு துயரமான வெற்றி.

மே மாதம், கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்பு பணம் உறுதியானது. பஜாஜ். மொத்தம் எண்பது கோடி யூரோ. நவம்பரில் நிறுவனத்தின் கட்டுப்பாடு முழுதாக அவர்கள் கைக்குப் போனது. முப்பது வருஷத்துக்கும் மேலாக அதை ஆண்ட பியரர் ஜனவரியிலேயே தலைமை நிர்வாகி நாற்காலியிலிருந்து இறங்கியிருந்தார். ஒரு காலத்தில் இத்தாலிய வெஸ்பாவின் உரிமத்தோடு ஸ்கூட்டர் செய்து, சேத்தக் என்று குதிரையின் பெயர் வைத்து விற்ற புனே கம்பெனி, ஆஸ்திரியாவின் பெருமையைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

நான் குழுவில் மேசையைத் தட்டிச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு வருஷம் கேட்ட “இந்தியா தானே”வுக்கெல்லாம் சேர்த்து ஒரே சிரிப்பு.

“இப்ப சொல்லுங்கண்ணே. எவன் வாங்குவான்?”

அண்ணன் எதிர்பாராத மாதிரி சொன்னார். “நானே வாங்குவேன் லா. சாமான் சீப்பா வரும்.”

எல்லாரும் சிரித்தோம். பிறகு பேச்சு வழக்கம்போல அடுத்த ஊகத்துக்குப் போனது. இனிமேல் பெரிய வண்டிகளையும் சாக்கனுக்குக் கொண்டுபோய்விடுவார்களா? ஆசிரியர் கைப்பேசியில் கணக்குப் போட ஆரம்பித்தார். அங்கே செய்தால் எவ்வளவு மிச்சம், இங்கே விலை எவ்வளவு இறங்கும். நானும் உற்சாகமாகக் குனிந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. நான் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறேன்? மிஷினை ஏற்றிக்கொண்டு போகும் லோரிக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் புனேவுக்கும் என்ன உறவு என்றும் யோசித்தேன். என் பாட்டன் சேலத்துப் பக்கத்திலிருந்து கித்தா மரம் வெட்ட வந்தவர். மராத்தியில் ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. ஏளனம் செய்யும்போது நான் இந்தியா ஆகிவிடுகிறேன். அதனால் ஜெயிக்கும்போதும் இந்தியா ஆகிக்கொள்கிறேன். சாக்கனில் ஸ்பானர் பிடிப்பவனுக்கு நான் யார் என்றே தெரியாது. எனக்கும் அவனைத் தெரியாது. அவனுடைய முதலாளியைத்தான் நான் கொண்டாடினேன்.

*

அன்று மாலை அப்பா ஐந்தடியில் உட்கார்ந்து ஈஎக்ஸ்5-இன் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. பள்ளி வேனை விற்றாயிற்று. இந்த மோட்டாரை விற்க விடமாட்டார். நான் பக்கத்தில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்தேன்.

“பா, அந்தக் கம்பெனி பொழச்சிக்கிச்சி. இந்தியாக்காரன் வாங்கிட்டான்.”

“எந்தக் கம்பெனி?”

“கேடிஎம். ரயில் இல்ல, மோட்டார்.”

“ம்.” செயினை ஒரு சுற்றுச் சுற்றினார். “ஆளுங்க?”

“என்னா?”

“அங்க வேல செஞ்ச ஆளுங்க. எத்தன பேர வச்சிக்கிறான்?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொஞ்சம் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேர் இருக்கிறார்கள், பிறகு எப்படி என்று யாருக்கும் தெரியாது. பெரிய வண்டிகளை இந்தியாவுக்கு மாற்றலாம் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றேன். பிறகு, இருபத்து நான்கு வருஷமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

“அந்த மிஷின லோரில ஏத்துறப்ப ஒங்களுக்குக் கோவம் வரலியா பா?”

அவர் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“வந்துச்சி. ஆனா மிஷின் மேல என்னா கோவம்? நல்ல மிஷினு. கீறல் விழாம ஏத்தணும்ல.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பக்கம் அத எறக்குனவனுக்கும் வேல கெடச்சிருக்கும். அவன்கிட்டயும் ஒருநாள் வந்து ஏத்தச் சொல்லிருப்பானுங்க. வியட்நாமுக்கோ எங்கயோ” என்றார்.

அதை அவர் தத்துவமாகச் சொல்லவில்லை. ஒரு டெக்னீஷியனின் ஊகமாகச் சொன்னார். அந்த மிஷின் எவ்வளவு வருஷம் ஓடும், எப்போது அடுத்த ஊருக்குப் போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒட்டுக்கடைக் கூட்டம் கலைந்த பிறகும் அவர் தனியாக ஊகித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“நீ வாங்கப்போறியா அந்த வண்டிய?”

“வந்தா வாங்கணும் பா. லைசென்ஸ் எடுத்துட்டேன்.”

“இருக்கை ஒசரமா இருக்குமா?”

“கொஞ்சம் ஒசரம்தான்.”

“அப்ப நான் எப்படி ஏறுறது?” என்றார்.

எண்ணெய் டப்பாவை மூடி என்னிடம் கொடுத்தார். மே ஹோங் சோன் பாதையில் எத்தனை வளைவு என்று அவரிடம் சொன்னேன். பெத்தோங் வரை போனால் போதும் என்றார்.